தவணைத் தேதியும் பிரஷர் மாத்திரையும்: கடனில் இருக்கும்போது உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி

"இந்த மாசத் தவணையைக் கட்டிடலாம், மாத்திரையை அடுத்த மாசம் வாங்கிக்கலாம்." கடன் உள்ள வீட்டில் உடம்பு கெடுவது பெரும்பாலும் இந்த ஒரு முடிவில்தான் தொடங்குகிறது. கவலை உடம்பை அரிக்கும் என்பது உண்மைதான். அதைவிட வேகமாக அரிப்பவை விடுபட்ட மாத்திரை, தள்ளிப்போட்ட பரிசோதனை, டீயோடு முடிந்த காலைச் சாப்பாடு, இரண்டு மணிக்குக் கலைந்த தூக்கம். கடன் அடைய மூன்று வருடம் ஆகலாம். இவற்றைச் சரிசெய்ய மூன்று வாரம் போதும். கடன் தீரும்வரை இதற்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

கைமாற்று, நகை அடகு, குழுக்கடன், தண்டல், லோன் ஆப் என்று நாலு பக்கமும் தவணை கட்டிக்கொண்டிருக்கும் தமிழ்நாட்டுக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது இது.

உடம்புக்குள் நடப்பது

வசூலுக்கு வருபவரின் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதும் நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது. அட்ரினலின் சுரந்து இதயத் துடிப்பைக் கூட்டி, ரத்தக் குழாய்களை இறுக்குகிறது. பின்னாலேயே கார்ட்டிசால் வந்து, கல்லீரலில் இருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடச் சொல்கிறது. ஓடவோ சண்டை போடவோ உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு இது. நாய் துரத்தினால் பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும். தவணையோ வாரா வாரம் வருகிறது. அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடுவதால் பிரஷரும் சர்க்கரையும் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர், "நான் ஒண்ணும் இனிப்பு தொடலையே, ஏன் ஏறியிருக்கு?" என்று குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 24 முதல் 32 வயது வரையுள்ள சுமார் 8,400 பேரைப் பார்த்தது. சொத்தோடு ஒப்பிட்டால் கடன் அதிகமாக இருந்தவர்களுக்கு ரத்த அழுத்தத்தின் கீழ் எண் சற்றே கூடியிருந்தது. கூடிய அளவு சிறியதுதான். ஆனால் முப்பது வயதில் ஏறிய சிறிய அளவு அப்படியே தங்கிவிட்டால், ஐம்பதில் அது பக்கவாதத்துக்கு வழி திறந்து வைக்கும்.

இவை தவிர, தாடையை இறுகக் கடித்தபடி தூங்குவதால் காலையில் கன்னப்பொட்டு வலி வரும், கடைவாய்ப் பல் தேயும். தோளும் பிடரியும் பலகை போல இறுகும். நேரத்துக்குச் சாப்பிடாததால் நெஞ்செரிச்சல் வரும். மூன்று வேறு டாக்டர்களிடம் போய் மூன்று வேறு மாத்திரை வாங்குவதற்கு முன், இவை எந்தத் தேதிகளில் கூடுகின்றன என்று காலண்டரில் குறித்துப் பாருங்கள். தவணைத் தேதிக்கு முந்தின இரண்டு நாளில் கூடினால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். நோயைக் கண்டுபிடிக்க அது அவருக்கு உதவும்.

முதல் வாரம்: அளந்து பாருங்கள்

பிரஷருக்குப் பெரும்பாலும் அறிகுறி கிடையாது. "தலை சுத்தல, அதனால பிரஷர் இல்ல" என்பது தவறு. வீட்டில் மிஷின் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அதற்காக இன்னொரு கடன் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் இலவசமாகப் பார்ப்பார்கள்.

பார்க்கும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். முன்னால் அரை மணி நேரம் டீ, காபி, பீடி, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, இரு பாதமும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கால் மேல் கால் போடக் கூடாது. கை மேசை மீது, நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். பட்டையைச் சட்டைக்கு மேல் கட்டக் கூடாது. பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது முறை பார்த்து, இரண்டையும் எழுதுங்கள்.

காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு முறை, இரவு இரண்டு முறை என ஏழு நாள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி எடுங்கள். வீட்டில் பார்த்த சராசரி 135/85-ஐ எட்டினாலோ, மருத்துவமனையில் வெவ்வேறு நாளில் பார்த்து 140/90-ஐ எட்டினாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும். வசூல்காரர் வந்துபோன பத்தாவது நிமிடத்தில் பார்த்த எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

முப்பது வயது தாண்டியிருந்தால் அதே வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். 126-ஐ எட்டினால் மறுபடி ஒருமுறை பார்த்து உறுதிசெய்துகொண்டு மருத்துவம் தொடங்க வேண்டும்.

மாத்திரை: நிறுத்தக் கூடாதவை எவை

பணம் இறுகும்போது வீட்டில் முதலில் நிற்பது அம்மாவின் மாத்திரை, அடுத்தது அப்பாவின் மாத்திரை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவது, பாதியாக உடைத்துப் போடுவது, அட்டை தீர்ந்தபின் பத்து நாள் சும்மா இருப்பது என்று மூன்று விதமாக இது நடக்கும். மூன்றும் ஆபத்து. எந்த மாத்திரையை நிறுத்தினால் எவ்வளவு சீக்கிரம் ஆபத்து வரும் என்பது மட்டும் மாத்திரைக்கு மாத்திரை வேறுபடும்.

ஒரு நாள்கூட விடக் கூடாதவை: முதல் வகை (டைப் 1) சர்க்கரை நோய்க்குப் போடும் இன்சுலின், வலிப்பு மாத்திரை, நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தவர் போடும் க்ளோபிடோக்ரெல், பல வாரம் தொடர்ந்து போட்டுவரும் ப்ரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு. அடினோலால், மெட்டோப்ரோலால், ப்ரொப்ரனோலால் என்று பெயர் இருந்தால் திடீரென்று நிறுத்தக் கூடாது. அதுவரை அடக்கி வைத்திருந்த துடிப்பும் பிரஷரும் ஒரேயடியாக எகிறும், இதய நோய் உள்ளவருக்கு மாரடைப்பே வரலாம். காசநோய் மாத்திரையை நடுவில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடலாம். அந்த மருந்து அரசு மருத்துவமனையில் முழுக்க இலவசம். 2024 நவம்பரிலிருந்து சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கிலும் வரும்.

உடைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அட்டையில் மாத்திரைப் பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர், ஈஆர் போன்ற எழுத்துகள் இருந்தால், நாள் முழுக்க மெல்ல மெல்லக் கரைய வேண்டிய மாத்திரை என்று பொருள். உடைத்தால் ஒரு நாள் மருந்து ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடக்கூடும். டாக்டரையோ மருந்தாளுநரையோ கேட்காமல் கத்தியை எடுக்காதீர்கள்.

செலவைக் குறைக்க நேர்வழி இருக்கிறது. அட்டையின் பின்புறம் பாருங்கள். பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர், அதற்கு மேலேயோ கீழேயோ சின்ன எழுத்தில் மருந்தின் உண்மைப் பெயர்: அம்லோடிபின் 5 மி.கி., டெல்மிசார்டன் 40 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி. என்று இருக்கும். அந்தச் சின்ன எழுத்துப் பெயரையும் மில்லிகிராம் அளவையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குறைந்த விலையில் விற்கும் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். விலை வித்தியாசம் நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். ஒன்று மட்டும் கவனியுங்கள். சில கம்பெனி மாத்திரையில் இரண்டு மருந்து சேர்ந்திருக்கும். ஒன்றை மட்டும் வாங்கி வந்துவிட்டால் பாதி மருத்துவம்தான் நடக்கும்.

அதைவிட நல்லது காசே கொடுக்காத வழி. பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். உங்கள் பெயர் பதிவாகவில்லை என்றால் பகுதி சுகாதாரச் செவிலியரிடம் ஆதார், பழைய மருந்துச் சீட்டு இரண்டையும் காட்டிப் பதிவு செய்யுங்கள். பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் வசதி, மாலையிலும் மருத்துவர் இருப்பார். தனியார் மாத்திரையிலிருந்து அரசு மாத்திரைக்கு மாறும்போது நிறமும் அளவும் வேறாக இருக்கும். பழைய அட்டையை எடுத்துப் போய்க் காட்டி, "இது அதேதானா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பெட்டியில் கிடக்கும் பழையதையும் சேர்த்துப் போட்டு இரட்டை டோஸ் ஆகிவிடும்.

டாக்டரிடம் மறைக்கக் கூடாத உண்மை ஒன்று உண்டு: "மூணு வாரமா மாத்திரை போடல." சொல்ல வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டால், மாத்திரை போட்டும் பிரஷர் குறையவில்லை என்று அவர் கணக்குப் போட்டு, டோஸைக் கூட்டுவார் அல்லது இன்னொன்றைச் சேர்ப்பார். சம்பளம் வந்த மாதம் எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட்டதும் பிரஷர் தடாலென்று இறங்கி, எழுந்து நிற்கும்போது கண் இருண்டு விழுவீர்கள். "விலை கட்டுப்படியாகல, குறைஞ்ச விலையில எழுதிக் கொடுங்க" என்று கேட்பதில் அவமானம் ஒன்றும் இல்லை. பெரும்பாலும் மாற்று இருக்கும்.

மறந்துபோவது இன்னொரு சிக்கல். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடத்திய ஆய்வு 2013-இல் வெளியானது. வெட்டுக்கு முன், கடனும் அடகுமாக இருந்த நாட்களில், கவனமும் யோசனையும் தேவைப்படும் சிறு சோதனைகளில் அவர்கள் தடுமாறினார்கள். அதே ஆட்கள், வெட்டு முடிந்து பணம் வந்தபின் அவற்றை நன்றாகவே செய்தார்கள். ஆகவே கடன் நெருக்கும் மாதத்தில் அப்பா மாத்திரையை மறந்தால் அதைப் பொறுப்பின்மை என்று திட்டாதீர்கள். நினைவை நம்பாத ஏற்பாடு ஒன்றைச் செய்யுங்கள். ஏழு சின்ன டப்பாவிலோ காகித உறையிலோ ஞாயிற்றுக்கிழமையே மாத்திரையைப் பிரித்து, பல் துலக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். பிரஷர் மாத்திரையை மறந்தால் அன்றைக்குள் ஞாபகம் வந்ததும் போடலாம். மறுநாள் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது.

செட் மாத்திரை

உடம்புவலி, தலைவலி என்றால் மருந்துக்கடையில் சின்னக் கவரில் மூன்று நான்கு மாத்திரை போட்டுத் தருவார்களே, அந்தச் செட் மாத்திரையை நிறுத்துங்கள். அதில் பெரும்பாலும் டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரையும், சில கவர்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் இருக்கும். இருபது ரூபாயில் வலி பறந்துவிடும், மறுநாள் வேலைக்குப் போகலாம் என்பதால் கூலி வேலை செய்பவர்கள் இதை வாரத்துக்கு நாலு நாள் போடுகிறார்கள். வலி மாத்திரை பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், வெறும் வயிற்றில் புண்ணாக்கும், தொடர்ந்து போட்டால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் என்று வந்துவிட்டால் வாரத்தில் இரண்டு மூன்று நாள் கூலி போகும். எந்தத் தவணையும் அதைத் தாங்காது.

இதற்குப் பதில் பாராசிட்டமால் 500 மி.கி. ஒன்று, தேவைப்பட்டால் ஆறு மணி நேரம் கழித்து இன்னொன்று. கல்லீரல் நோய் உள்ளவரும் தினமும் குடிப்பவரும் கேட்டுவிட்டே போட வேண்டும். பிடரி இறுக்கத்துக்கு வெந்நீர் ஒத்தடம் பதினைந்து நிமிடம். மூன்று நாளுக்கு மேல் வலி மாத்திரை தேவைப்பட்டால் டாக்டரைப் பாருங்கள்.

சாப்பாடும் டீயும்

பணம் குறையும்போது பருப்பும் முட்டையும் காய்கறியும் தட்டிலிருந்து போய்விடுகின்றன. சோறும் ஊறுகாயும் அப்பளமும் மிஞ்சுகின்றன. வயிறு நிறையும், ஆனால் உப்பு எகிறும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன், போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஊறுகாய், கருவாடு, அப்பளம் மூன்றும் ஒரே வேளையில் வந்தால் அந்த ஒரு வேளையிலேயே பெரும்பகுதி முடிந்துவிடும்.

ரேஷன் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இந்த இரண்டையும் எந்த மாதமும் விடாமல் வாங்குங்கள். முருங்கைக்கீரை, நிலக்கடலை, கேழ்வரகு இவற்றைச் சுற்றி வாரத்தைத் திட்டமிட்டால் குறைந்த காசில் புரதமும் இரும்பும் கிடைக்கும். வேலைக்குப் போகும் வழியில் அம்மா உணவகம் இருந்தால் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய்.

காலைச் சாப்பாட்டை டீயால் ஈடுகட்டுபவர்கள் கணக்குப் பாருங்கள். கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் ஒரு நாளைக்கு ஐந்து டீயில் 40 முதல் 50 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. டீ வயிற்று எரிச்சலையும் கூட்டும், சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் தடுக்கும். ஒரு நாளைக்கு இரண்டு டீ, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி. மீதிக் காசில் ஒரு முட்டை வாங்கலாம்.

க்ளிமிபிரைடு, க்ளிபென்கிளமைடு போடும் சர்க்கரை நோயாளியும் இன்சுலின் போடுபவரும் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடவே கூடாது. கை நடுக்கம், வேர்வை, கண் மங்கல் வந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடி குடித்து, பிறகு சாப்பிட வேண்டும். குழுக்கூட்டத்துக்கு அவசரமாக ஓடும் காலையில் இது அதிகம் நடக்கும்.

வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் பெண் என்றால், குறைவது அவர் தட்டில்தான். இரண்டு வருடம் இப்படிப் போனால் ரத்தசோகை வந்து, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். ஆகவே சோற்றை முதலிலேயே எல்லோருக்கும் பங்கு பிரித்து எடுத்து வையுங்கள்.

தூக்கமும் போனும்

கடன் பேச்சுக்கு ஒரு நேரம் குறியுங்கள். வாரத்தில் இரண்டு நாள், மாலை ஆறு மணிக்கு, அரை மணி நேரம், கணவனும் மனைவியும் உட்கார்ந்து நோட்டைப் பார்க்க வேண்டும். அந்த நேரத்துக்கு வெளியே, குறிப்பாகச் சாப்பிடும்போதும் படுத்த பிறகும், அந்தப் பேச்சு வேண்டாம். படுக்கையில் எந்தக் கடனும் அடைவதில்லை, பிரஷர்தான் ஏறும்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி வங்கியோ நிதி நிறுவனமோ கடனைக் கேட்டு காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. நுண்கடன் (குழுக்கடன் போல அடமானம் இல்லாமல் தரும் சிறு கடன்) என்றால் இன்னும் இறுக்கம்: காலை 9-க்கு முன்னும் மாலை 6-க்குப் பின்னும் கூடாது. பேசிவைத்த இடத்தில்தான் நுண்கடன் வசூல் நடக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறையாவது நீங்கள் அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். உறவினரை, பக்கத்து வீட்டாரை, வேலை செய்யும் இடத்தாரைத் தொந்தரவு செய்வதும், கெட்ட வார்த்தை பேசுவதும், மிரட்டுவதும் தடை.

ஆகவே இரவு ஏழு மணிக்குப் போனை 'டூ நாட் டிஸ்டர்ப்' நிலையில் வையுங்கள். வீட்டார், முதலாளி, மருத்துவமனை எண்களை மட்டும் விலக்கு கொடுத்துவிட்டால் அவசர அழைப்பு தவறாது. நேரம் கடந்து வரும் அழைப்பு, மிரட்டும் செய்தி எல்லாவற்றையும் தேதி, நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார், 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர். 14448-இல் வழி சொல்வார்கள். லோன் ஆப் ஆட்கள் படத்தை மாற்றி அனுப்பி மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள், காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுங்கள். எந்தக் கடன் ஆப்புக்கும் உங்கள் தொடர்பு எண்களையோ புகைப்படங்களையோ எடுக்க அனுமதி இல்லை. கேட்கிற ஆப் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இரவில் விழித்துவிட்டால் மணியைப் பார்க்காதீர்கள். இருபது நிமிடம் போல் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் மங்கின வெளிச்சத்தில் உட்காருங்கள். தலையில் ஓடுவதைத் தாளில் நாலு வரி எழுதிவிட்டு, கண் சொக்கும்போது திரும்பிப் படுங்கள். காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திருக்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். தூக்கத்துக்காக மது குடிப்பவர்களுக்கு முதல் மூன்று மணி நேரம்தான் தூக்கம், பின்னிரவு முழுக்க விழிப்பு. காலையில் பிரஷர் கூடுதலாக இருக்கும், பையில் பணமும் குறைந்திருக்கும். ஆனால் தினமும் நிறையக் குடித்து வந்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். அவர் மருத்துவரின் துணையோடுதான் நிறுத்த வேண்டும்.

எந்தக் கடனை முதலில் முடிப்பது

ஒரு நோட்டில் வரிசையாக எழுதுங்கள்: யாருக்கு, மீதி எவ்வளவு, மாத வட்டி, தவணை நாள். ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டு, அந்தக் கடன் உங்கள் உடம்பை என்ன செய்கிறது என்று எழுதுங்கள். "இவர் போன் வந்தா அன்னிக்குத் தூக்கம் இல்ல" என்றால் அப்படியே எழுதலாம்.

சிங்கப்பூரில் வருமானம் குறைந்த, நெடுநாள் கடனில் இருந்த குடும்பங்களுக்குக் கடன் நிவாரணம் கொடுத்து ஆராய்ந்தார்கள், முடிவு 2019-இல் வெளியானது. மொத்தத் தொகை எவ்வளவு குறைந்தது என்பதைவிட, எத்தனை கடன் கணக்குகள் முழுதாக முடிந்தன என்பதே பதற்றத்தைக் குறைத்தது. ஆகவே வட்டி கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும் கடன்களில் சின்னதை முதலில் முழுதாக முடித்துவிடுங்கள். ஐந்து வாசலில் பதில் சொல்வது மூன்று வாசலாகக் குறைந்தால் உடம்புக்கு அது தெரியும்.

வட்டி பெரிதாக வேறுபட்டால் அதிக வட்டிதான் முதல். தண்டலைப் பாருங்கள். 10,000 என்று சொல்லி 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுத்து, நாள் 100 ரூபாய் வீதம் 100 நாள் வாங்கினால், ஆண்டுக் கணக்கில் வட்டி ஏறக்குறைய 120 விழுக்காடு. பத்து வட்டிக்கு வாங்கினாலும் அதேதான். சுய உதவிக் குழுவின் வங்கிக் கடனோ, கூட்டுறவு சங்க நகைக்கடனோ எடுத்து இதை மூடுவது லாபம். ஒரு நுண்கடனை அடைக்க இன்னொரு நுண்கடன் எடுப்பது அப்படியல்ல. நுண்கடனில் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது விதி. உங்கள் நோட்டில் அது தாண்டியிருந்தால், புதிதாக எதுவும் வாங்காமல், தவணையை மாற்றியமைத்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். நுண்கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்ற பெயரில் அநியாய வட்டி வாங்குவது 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. மிரட்டல் இருந்தால் மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் காவல் கண்காணிப்பாளரிடமும் மனு கொடுக்கலாம். நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். தொலைபேசி 15100.

அந்த நோட்டின் முதல் வரி ஒன்றை நாங்கள் வற்புறுத்திச் சொல்கிறோம்: எந்தக் கடன்காரர் பெயருக்கும் முன்னால் மாத்திரை, பருப்பு, முட்டை என்று எழுதி, அதற்கான தொகையைச் சம்பள நாளிலேயே தனியே எடுத்து வையுங்கள். உழைக்கிற உடம்பு விழுந்தால் மற்ற வரிகள் எல்லாம் வெறும் மை.

வைத்தியமே கடனாகிவிடாமல்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை நோய் வருமுன் எடுத்து வையுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. தனியார் மருத்துவமனையில் சேரும்போதே காப்பீட்டுக் கவுன்ட்டரில் காட்ட வேண்டும். பணம் கட்டிச் சேர்ந்துவிட்டுப் பிறகு காட்டினால் சிக்கல். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி, இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் ஆகிறவர், நோயால் லீவு போட்ட நாட்களுக்குக் கூலியில் 70 விழுக்காடு வரை, ஆண்டுக்கு 91 நாள்கள் பெறலாம். திருப்பூர் போன்ற ஊர்களில் இதைக் கேட்டு வாங்காமலே நகையை அடகு வைப்பவர்கள் ஏராளம்.

காத்திருக்கக் கூடாத நேரம்

நெஞ்சில் பாரம் வைத்தாற்போல் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ பரவும் வலி, குளிர்ந்த வேர்வை. வாய் ஒரு பக்கம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல். பிரஷர் 180/120-ஐத் தாண்டி, கூடவே தலைவலி, மூச்சுத்திணறல், கண் மங்கல். இவற்றில் எது வந்தாலும் 108. "கடன் டென்ஷன்ல படபடப்பு, கேஸ் பிராப்ளம்" என்று சோடா வாங்கிக் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். பதற்றமா மாரடைப்பா என்று வீட்டில் பிரித்தறிய முடியாது, ஈசிஜி எடுத்தால்தான் தெரியும். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு முதல் நாலரை மணி நேரம்தான் அவகாசம், ஆரம்பித்த நேரத்தைக் குறித்து வைத்துச் சொல்லுங்கள்.

மனசு விடும் அடையாளங்களையும் உடம்பின் அபாயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு இறங்காமல் போவது, யாரோடும் பேசாமை, "நான் இல்லாட்டி உங்களுக்கு நல்லது" என்ற பேச்சு, திடீரென்று கணக்குகளை ஒப்படைப்பது. அப்போது சுற்றி வளைக்காமல், "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, இருந்தால் வெளியே வரும். "ஆமா" என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மிச்ச மாத்திரைகளையும் அன்றே வீட்டை விட்டு வேறிடத்துக்கு மாற்றுங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, தமிழ்நாடு சுகாதார உதவி 104, இரண்டும் இலவசம், தமிழில், எந்த நேரமும் பேசலாம். இந்த எண்களோடு 108-ஐயும் சேர்த்துப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, கதவுக்குப் பின்னால், பிள்ளைகளுக்கும் எட்டும் உயரத்தில் ஒட்டிவையுங்கள்.